கொம்பும் வாலும் வயிறும்: மதுரை வட்டார வழக்கில் வன்மத்தைச் சுட்டும் விலங்குறுப்புத் தொடர்கள்

ஆய்வுச் சுருக்கம்

மனக்கசப்பு, கறுவு, வன்மம் ஆகிய உணர்வுகளைப் புலப்படுத்த ஆங்கிலம், தமிழ் ஆகிய இரு மொழிகளும் விலங்குகளின் உறுப்புப் பெயர்களைக் கையாளுகின்றன. இவ்வொப்புமை மேலோட்டமானது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. ஆங்கிலத் தொடர்கள் பெரும்பாலும் கசப்புற்றவரின் அகநிலையைச் சொல்வன. மதுரை நகரிலும் சுற்றியுள்ள சமவெளியிலும் வழங்கும் தமிழ்த் தொடர்களோ பிறருடைய கசப்பை மூட்டுவதையும் அடக்குவதையும் சொல்வன. தமிழில் கசப்பின் அகநிலை மனித வயிற்றிலும் நெஞ்சிலும் வைக்கப்படுகிறது. விலங்குறுப்பு அடுத்தவருக்கே உரியதாகிறது. இவ்வேறுபாட்டைத் தன்மை, படர்க்கை ஆகிய இடப் பாகுபாட்டைக் கொண்டு சோதித்து, திருக்குறள், சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்', 'ஆடுகளம்' திரைப்படம் ஆகியவற்றில் அது செயற்படும் முறையைக் கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மரபுத்தொடர், வன்மம், கறுவு, விலங்குறுப்பு, மதுரை வட்டார வழக்கு, வாடிவாசல், மொழிபெயர்ப்பு.

1. முன்னுரை

மாட்டுப் பொங்கலுக்கு முன்னர் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் மாடுகளின் கொம்பைச் சீவி, வழவழப்பாக்கி, வண்ணம் பூசுவர். இது ஆண்டுதோறும் நிகழும் வேளாண் குடிகளின் வழக்கம். அதே ஊர்களில், இருவருக்கிடையே உள்ள மனத்தாங்கலைப் பெரிதாக்கி ஒருவரை மற்றவர்மேல் ஏவுவதைக் 'கொம்பு சீவி விடுதல்' என்பர். முன்னது அழகு செய்தல்; பின்னது பகை வளர்த்தல். செயல் ஒன்றே, 'விடுதல்' என்னும் துணைவினை சேர்ந்ததும் பொருள் மாறிவிடுகிறது. சீவியவர் ஒதுங்கிக்கொள்கிறார், கொம்புடையவர் களத்தில் நிற்கிறார்.

இத்தொடரை ஆங்கிலம் அறிந்த ஒருவர் கேட்டால், அம்மொழியில் சினத்தோடும் கசப்போடும் தொடர்புடைய விலங்குறுப்புத் தொடர்கள் அவருக்கு நினைவுக்கு வருதல் இயல்பு. இரு மொழியினரும் மனிதக் கசப்பை விலங்கின் உடலால் விளக்கினர் என்று பொதுமைப்படுத்தவும் தோன்றும். ஆயின் எவருடைய கசப்பு, எவருடைய வாயால், எந்த உறுப்பால் சொல்லப்படுகிறது என்று வினவும்போது அப்பொதுமை குலைகிறது. அவ்வினாவே இக்கட்டுரையின் கருதுகோளுக்கு அடிப்படை. எடுத்துக்கொள்ளப்பட்ட தமிழ்த் தொடர்கள் மதுரை, மேலூர், உசிலம்பட்டி, அலங்காநல்லூர் வட்டாரங்களில் அன்றாட வழக்கில் உள்ளவை. அவற்றுட் பல தமிழகம் முழுவதும் வழங்குவன எனினும், காளையும் சேவலும் கிடாயும் இன்றளவும் போட்டிக்கென வளர்க்கப்படும் இவ்வட்டாரத்தில் அவற்றின் நேர்ப்பொருள் மங்கவில்லை. ஆதலின் நேர்ப்பொருளையும் வழக்குப்பொருளையும் அருகருகே வைத்துக் காண இவ்வட்டாரம் ஏற்ற களமாகிறது.

2. ஆங்கிலத் தொடர்களின் இயல்பு

ஆங்கிலத்தில் 'ஹேக்கிள்ஸ்' என்பது சேவலின் கழுத்திறகையும், நாய் முதலியவற்றின் பிடரி மயிரையும் குறிக்கும் சொல். ஒருவருடைய 'ஹேக்கிள்ஸ்' எழுந்தன என்றால் அவர் சினமும் எதிர்ப்புணர்வும் கொண்டார் என்பது பொருள். 'பிரிசில்' என்னும் பன்றியின் முள்மயிர் வினையாகவும் வழங்கி, ஒரு சொல்லையோ செயலையோ பொறாது சிலிர்த்தலைக் குறிக்கிறது. 'க்ரா' என்பது பறவையின் கழுத்தடியில் இரை தங்கும் பை. ஒரு செய்தி அப்பையில் சிக்கிக்கொண்டது என்றால் அதனை விழுங்கவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை என்பது கருத்து. 'கால்' என்பது பித்தநீரின் பெயர். கசப்பையும் காழ்ப்பையும் குறிக்கும். சேணம் உராய்வதால் குதிரையின் தோலில் உண்டாகும் புண்ணுக்கும் அதே ஒலியுடைய சொல் உண்டு; ஒருவரைத் தொடர்ந்து உறுத்தும் அவமதிப்பை அப்புண்ணின் பெயரால் உரைப்பர். 'ஸ்ப்ளீன்' என்னும் மண்ணீரல் கடுப்பின் இருப்பிடமாகக் கருதப்பட்டது. குருதி, சளி, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு நீர்மங்களின் ஏற்றத்தாழ்வால் மனநிலை அமைகிறது என்ற கிரேக்க மருத்துவக் கொள்கை, கேலன் வழியாக ஐரோப்பிய மொழிகளில் ஊன்றிய சுவடு இது. பித்தமும் மண்ணீரலும் மனிதனுக்கும் விலங்குக்கும் பொதுவானவை. இறகும் முள்மயிரும் இரைப்பையும் விலங்குக்கே உரியவை.

இத்தொடர்கள் அனைத்தையும் இணைக்கும் இயல்பு ஒன்று உண்டு. கசப்புற்றவரின் உடலில் தாமே நிகழ்வனவற்றை அவை சொல்கின்றன. இறகு எழுகிறது, மயிர் சிலிர்க்கிறது, இரை சிக்குகிறது, தோல் உராய்கிறது. இவற்றுள் எதனையும் பிறர் வேண்டுமென்று செய்வதில்லை. அதனால் ஆங்கிலத்தில் ஒருவர் தம்மைப் பற்றியே இவ்வாறு பேசுதல் இயல்பாக அமைகிறது. தம் கழுத்திறகு எழுந்தது என்று சொல்பவர் தம்மை இழிவுபடுத்திக்கொள்வதில்லை. தம் சினத்துக்குக் காரணம் உண்டு என்றே உணர்த்துகிறார்.

3. தமிழில் கசப்பின் இருப்பிடம்

தமிழில் அந்நிலையைச் சொல்லும் சொற்கள் வேறு. தொல்காப்பிய உரியியல் கறுப்பு, சிவப்பு ஆகிய இரண்டையும் வெகுளிப் பொருள் தரும் உரிச்சொற்களாகக் காட்டி, அவை நிறத்தை உணர்த்துதற்கும் உரியன என்று பின்னர்க் கூறுகிறது. நிறத்தினும் வெகுளியை முன்வைத்த இம்முறை கருதத்தக்கது. கறுப்போடு உறவுடைய 'கறுவுதல்' என்னும் வினை மதுரைப் பேச்சில் இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. "அவன் ரொம்ப நாளாக் கறுவிக்கிட்டு இருக்கான்" என்றால், வெளிப்படாத, ஆனால் ஆறாத பகை உள்ளே இருக்கிறது என்பது பொருள். 'காழ்ப்பு' என்பது மரத்தின் வயிரத்தையும் வித்தையும் குறிக்கும் 'காழ்' என்பதன் வழியது. நாட்பட்டு இறுகிய உணர்வு. இவ்விரண்டிலும் விலங்கு இல்லை.

உடலுறுப்பைச் சொல்லும்போது தமிழ் நாடுவது வயிற்றை. வயிறு எரிதல், வயிற்றெரிச்சல், பொருமல் ஆகியன நோக்கத்தக்கன. பொருமல் என்பது வளியால் வயிறு உப்புதலையும், சொல்ல இயலாத ஆற்றாமையையும் ஒருசேரக் குறிக்கும் சொல். நெஞ்சு குமைதல், உள்ளம் குமுறுதல், மனம் புழுங்குதல் என்பனவும் இவ்வகையின. செரியாமையும் வெம்மையும் புழுக்கமும் மனித உடலின் அனுபவங்கள். வேளாண் நிலத்து வெயிலும் பசியும் அவற்றின் பின்னணி.

பித்தம் இங்குச் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. ஆங்கிலத்தில் பித்தநீர் காழ்ப்பைத் தந்தது. வாதம், பித்தம், கபம் என்னும் முப்பிணிக் கொள்கையை உடைய தமிழ் மருத்துவ மரபிலும் பித்தம் முதன்மையானது. எனினும் தமிழ் வழக்கில் அது பித்து, பித்தன் என மயக்கத்துக்கும் பேரன்புக்கும் சென்றது. திருவெண்ணெய்நல்லூரில் தம்மைத் தடுத்தாட்கொண்ட இறைவனைச் சுந்தரர் பித்தன் என விளித்துப் பாடினார். அவ்விளிப்பில் காழ்ப்பு இல்லை. ஈரற்குலை அச்சத்துக்கும் பதற்றத்துக்கும் உரியதாயிற்று. மண்ணீரலுக்கு உணர்ச்சி வழக்கே அமையவில்லை. உறுப்பு ஒன்றாயினும் உணர்ச்சி ஒன்றாவதில்லை என்பதற்கு இவை சான்றாகும்.

மயிர் சிலிர்த்தலும் அவ்வாறே. மயிர்க்கூச்செறிதல் தமிழில் வியப்பு, அச்சம், பத்தி ஆகியவற்றின் மெய்ப்பாடு. 'சிலிர்த்துக்கொண்டு நிற்றல்' என்று சினத்தைச் சொல்லும் வழக்கு உண்டெனினும், அது பெரும்பாலும் எதிரில் நிற்பவரைப் பற்றியே கூறப்படும்.

4. வளர்ப்பவரின் வினைகள்

இனி விலங்குறுப்பு இடம்பெறும் தமிழ்த் தொடர்களைத் தொகுத்துக் காணலாம்: கொம்பு முளைத்தல், கொம்பு சீவி விடுதல், வாலாட்டுதல், வாலை ஒட்ட நறுக்குதல், வாலைச் சுருட்டிக்கொள்ளுதல், இறக்கை முளைத்தல், இறக்கையை ஒடித்தல், படமெடுத்தல், நச்சுப்பல்லைப் பிடுங்குதல், கொழுப்பெடுத்தல், கொழுப்பை அடக்குதல், மூக்கணாங்கயிறு போடுதல், காயடித்தல்.

இவற்றின் வினைகளைத் தனியே எடுத்து நோக்கின் ஓர் ஒழுங்கு புலனாகும். சீவுதல், நறுக்குதல், ஒடித்தல், பிடுங்குதல், குத்திக் கயிறு கோத்தல், காயடித்தல் ஆகிய அனைத்தும் விலங்கை வளர்ப்பவரும் பழக்குபவரும் பிடிப்பவரும் செய்யும் தொழில்கள். முளைத்தல், ஆட்டுதல், படமெடுத்தல், கொழுத்தல் என்பன அத்தொழில்களுக்கு முற்பட்ட நிலைகள். அவை நிகழ்ந்ததும் அடக்கும் வினை தொடரும் என்ற எதிர்பார்ப்பு அவற்றில் அடங்கியுள்ளது. கொம்பு முளைத்தது என்று சொல்வது நிலையை வருணிப்பது மட்டுமன்று. சீவவோ ஒடிக்கவோ வேண்டும் என்ற தீர்ப்பும் ஆகும்.

ஆங்கிலத் தொடர் விலங்கைப் பார்த்தவர் சொன்னது போலவும், தமிழ்த் தொடர் விலங்கைக் கட்டி ஆண்டவர் சொன்னது போலவும் அமைந்துள்ளன. ஆங்கிலத்திலும் இறகு கத்தரித்தல் போன்ற அடக்குதல் தொடர்கள் உண்டு. ஆதலின் இது முழு வேறுபாடு அன்று, மிகுதி பற்றிய வேறுபாடே. ஆயின் கசப்பு, வன்மம் என்னும் பொருட்புலத்துக்குள் மட்டும் நோக்கின் அம்மிகுதி தெளிவாகத் தெரிகிறது.

'வாலாட்டுதல்' இதனை மேலும் விளக்கும். நாய் வாலாட்டுவது பணிவு. ஒருவரிடம் நயந்து நிற்பவரை அவ்வாறே சொல்வர். "என்னிடம் வாலாட்டாதே" என்னும்போதோ அது அடங்காமை. அசைவு ஒன்றே; பணிவா அடங்காமையா என்பதை முடிவு செய்பவர் பேசுபவர். வாலுக்கு உரியவரிடம் அது கேட்கப்படுவதில்லை.

ஒலியொப்புமை பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். திமிர் என்பதனைக் காளையின் திமிலோடு இணைத்து விளக்குவது பேச்சில் உண்டு. திமிர் என்பது மரத்தல், பருத்தல் என்னும் பொருள்களை உடைய தனிச்சொல். இரண்டன் ஒலிநெருக்கம் மட்டும் சொற்பிறப்புச் சான்றாகாது. அன்றியும், திமில் மரபுத்தொடர் எதனையும் ஈன்றதாகத் தெரியவில்லை. இன்றைய ஜல்லிக்கட்டு விதிப்படி மாடுபிடி வீரர் திமிலை மட்டுமே பற்ற வேண்டும்; கொம்பையும் வாலையும் பற்றுதல் தவறு. களத்தில் விலக்கப்பட்ட அவ்விரு உறுப்புகளே வசையில் மிகுதியாகப் பற்றப்படுகின்றன.

5. இடப் பாகுபாட்டுச் சோதனை

மேற்கண்ட கருதுகோளை இலக்கண இடத்தைக் கொண்டு சோதிக்கலாம். "எனக்கு வயிறு எரிகிறது", "என் மனம் குமுறுகிறது" என்பன தன்மை இடத்தில் தடையின்றி வருகின்றன. "நான் வாலாட்டினேன்", "எனக்குக் கொழுப்பெடுத்தது" என்பன இயல்பான கூற்றுகளாக வருவதில்லை. பகடியாகவோ பிறர் கூற்றைத் திருப்பிச் சொல்வதாகவோ தான் வரக்கூடும். "எனக்கு என்ன கொம்பா முளைத்திருக்கிறது?" என்று தன்மையில் வருவது கொம்பை மறுப்பதற்கே. முன்னிலையிலும் படர்க்கையிலும் இத்தொடர்கள் வரையறையின்றி வழங்குகின்றன.

ஆக, தமிழில் தம் கசப்பைச் சொல்பவர் மனித உடலைப் பயன்படுத்துகிறார். பிறர் கசப்பைச் சொல்லும்போது அவருக்கு விலங்கின் உடலைத் தருகிறார். வயிற்றெரிச்சலுக்குக் காரணம் உண்டு, "ஏன் எரிகிறது?" என்று கேட்க இடமுண்டு. வாலாட்டலுக்குக் காரணம் கேட்கப்படுவதில்லை, நறுக்குவதே மறுமொழி.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வெகுளி பிறக்கும் நிலைக்களங்களாக நான்கைக் கூறுகிறது: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பைச் சிதைத்தல், குடிக்குக் கேடு சூழ்தல், வைது அல்லது அடித்து அலைத்தல், கொல்ல முற்படுதல் என்பன அவை. நான்கும் ஒருவருக்குப் பிறர் இழைக்கும் தீங்குகள். தீங்கின்றி வெகுளி இல்லை என்பது அவ்வகைப்பாட்டின் உட்கிடை. விலங்குறுப்புத் தொடரோ அத்தீங்கை அழித்துவிட்டு வெகுளியை மட்டும் எஞ்சவிடுகிறது. உறுப்பை அறுத்தலை வெகுளியின் முதற்காரணமாக இலக்கணம் வைக்க, வழக்கு அதனை வெகுளிக்கு மருந்தாக வைத்தது என்பது இவ்விரண்டன் முரண்.

6. குறளில் கிடாயும் வேர்வையும்

இப்பாகுபாடு வட்டாரப் பேச்சுக்கு மட்டும் உரியதன்று. 'காலமறிதல்' அதிகாரம் அடக்கிவைத்த பகையின் இலக்கணம் எனத்தக்கது. அதில் அடுத்தடுத்து வரும் இரு குறட்பாக்கள் நோக்கத்தக்கன. ஊக்கமுடையவன் அடங்கியிருப்பதைப் போர்க்கிடாய் பின்வாங்குவதற்கு ஒப்பிடுகிறது முதலாவது (குறள் 486). அறிவுடையோர் சினத்தை உடனே புறத்தில் காட்டாது, காலம் பார்த்து உள்ளே வேர்ப்பர் என்கிறது அடுத்தது (குறள் 487). முன்னதில் புறத்தே காணும் அசைவுக்கு விலங்கு வந்தது. பின்னதில் அகத்தே நிகழும் சினத்துக்கு மனிதனின் வேர்வை வந்தது. அவ்வேர்வையும் உள்ளே பெயர்த்து வைக்கப்பட்டது. கிடாயின் கொம்போ நெற்றியோ அங்குப் பேசப்படவில்லை. முழு விலங்கின் செயலே உவமை.

'உட்பகை' அதிகாரத்தின் இறுதிக் குறள் (890), மனம் பொருந்தாதாரோடு வாழ்தலை ஒரு குடிசையில் பாம்போடு வாழ்தற்கு நிகராக்குகிறது. இங்கும் பாம்பு மற்றவரே. தம் உள்ளத்துப் பகையைப் பாம்பாக உணர்பவரின் குரல் அக்குறளில் இல்லை.

7. வாடிவாசலில் கொம்பு

சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' 1959இல் நூலாக வெளிவந்தது. தந்தை அம்புலியைக் குத்திச் சாய்த்த காரி என்னும் காளையைப் பிடிக்க வரும் பிச்சியின் ஒரு மாலைப்பொழுதே கதை. இதில் கொம்பு மரபுத்தொடராக அன்றி உண்மைக் கொம்பாகவே நிற்கிறது. ஆயினும் முன்னர்க் கண்ட பாகுபாடு கதையின் கட்டுமானத்திலேயே உள்ளது.

பிச்சியின் வன்மம் நெடுநாள் கறுவு. அது காளையை நோக்கியே செல்கிறது. காளையை வளர்த்துக் களத்தில் விடும் ஜமீன்தாரை நோக்கிச் செல்வதில்லை. அவர் முன் பிச்சி பணிந்தே பேசுகிறான். வன்மம் கொள்ள உரிமையுள்ள எதிரியாக அவனுக்கு வாய்த்தது விலங்கு மட்டுமே. மறுபுறம், ஜமீன்தாரின் பெருமை காரியின் கொம்பில் தங்கியிருக்கிறது. காளை பிடிபட்டதும் அவர் பிச்சியைத் தண்டிக்கவில்லை. காளையையே சுட்டுக் கொல்கிறார். இரு மனிதருக்கிடையே பேசப்படாத கசப்பு முழுவதையும் ஒரு விலங்கின் உடல் சுமந்து மடிகிறது.

இக்கதையைத் துணிவின் கதையாகவும் பழிதீர்ப்பின் கதையாகவும் வாசிப்பது இயல்பு. 'கொம்பு சீவி விடுதல்' என்னும் வழக்கோடு சேர்த்து வாசிக்கும்போது வேறொன்று துலங்குகிறது. சீவியவர் மேடையில் இருக்கிறார். கொம்பும் குடலும் மண்ணில் இருக்கின்றன. முல்லைக்கலியில் கொல்லேற்றின் கொம்புக்கு அஞ்சுபவனை ஆயர்மகள் மறுமையிலும் தழுவாள் எனப்படுகிறது. அங்கே ஏறு ஆயர் குடிக்கு உரியது, வென்றவனுக்குக் கிட்டுவது மணம். செல்லப்பாவின் களத்தில் ஏறு ஜமீனுக்கு உரியது; வென்றவனுக்குக் கிட்டுவது தந்தையின் கடன் தீர்ந்த அமைதி மட்டுமே. உடைமை மாறியதும் கொம்பின் பொருளும் மாறியது.

8. ஆடுகளத்தில் கழுத்திறகு

மதுரையைக் களமாகக் கொண்டு வெற்றிமாறன் இயக்கிய 'ஆடுகளம்' 2011ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்தது. சேவற்போரில் புகழ்பெற்ற பேட்டைக்காரன், தாம் கழித்துக்கட்டச் சொன்ன சேவலைக் கொண்டே சீடன் கருப்பு வெற்றி பெறுவதைக் காண்கிறார். அக்கணம் முதல் அவர் உள்ளத்தில் வளர்வதே கதையின் பிற்பகுதி. பேட்டைக்காரனாக நடித்தவர் ஈழக் கவிஞர் வ. ஐ. ச. ஜெயபாலன்.

ஆங்கிலத் தொடரின் ஊற்றாகிய சேவலின் கழுத்திறகு இப்படத்தின் களக்காட்சிகளில் கண்முன்னே எழுந்து நிற்கிறது. வன்மம் கொண்ட மனிதரின் முகத்திலோ அவ்வாறான அடையாளம் எதுவும் எழுவதில்லை. அவர் உள்வேர்க்கிறார். கருப்பையும் துரையையும் ஒருவர்மேல் ஒருவரை மூட்டிவிட்டு, தாம் பெரியவராகவே அமர்ந்திருக்கிறார். சேவலின் சினம் புறத்தே தெரிந்து களத்திலேயே முடிகிறது. மனிதரின் கறுவு தெரியாமலே வளர்ந்து, வெளிப்பட்ட பொழுது அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்கிறார். கோழி, தகர், பூழ் முதலியவற்றின் வெற்றியைப் புறப்பொருள் வெண்பாமாலை ஒழிபில் வென்றித் துறைகளாக வகுத்துள்ளது. அத்துறைகள் வெற்றியைப் பாடின. வளர்த்தவரின் தோல்வி பாடப்படவில்லை. அவ்விடைவெளியைப் படம் நிரப்புகிறது.

9. முழு விலங்கும் உறுப்பும்

இக்கருதுகோளுக்கு எதிராக ஒரு வினா எழலாம். புறப்பாடல்களில் மன்னர் சினம் புலிக்கும் களிற்றுக்கும் ஒப்பிடப்படவில்லையா? பட்டினப்பாலை, பகைவர் சிறையில் வளர்ந்த கரிகாலனைக் கூட்டில் வளர்ந்த புலிக்குருளைக்கும், அகப்பட்ட குழியின் கரையைக் குத்தி இடித்து வெளியேறிய களிற்றுக்கும் உவமிக்கிறது. சிறையில் முற்றிய செற்றத்துக்கு இதனினும் சிறந்த விலங்குவமை அரிது.

இவ்வினா கருதுகோளை மறுப்பதில்லை, வரம்பிடுகிறது. அங்கே வந்தது முழு விலங்கு. அதன் கூடும் குழியும், அதாவது அதற்கு இழைக்கப்பட்ட தீங்கும், உவமையோடு சேர்ந்தே வந்தன. இன்றைய மதுரைச் சுவரொட்டிகளிலும் தலைவர்கள் சிங்கமாகவும் புலியாகவும் முழுவுருவில் வருகின்றனர். உயர்ந்தோர்க்கு முழு விலங்கு. தாழ்ந்தோராகக் கருதப்பட்டோர்க்குக் கொம்பு, வால், கொழுப்பு என உறுப்பு. உறுப்பைப் பிரித்தெடுப்பதே அறுக்கத்தக்கதாக்கும் முதற்செயல்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மதுரை மாவட்டத்து மேலவளவில் தனி ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடனிருந்தோரும் 1997 சூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 1996 தொடங்கி 2006 வரை தனி ஊராட்சிகளுக்கான தேர்தல் முறையாக நடைபெற இயலவில்லை. மரபுத்தொடர்கள் இவற்றுக்குக் காரணம் எனக் கூறுவது மிகை. எனினும் உரிமை கோருபவருக்குக் கொம்பு முளைத்துவிட்டது என்று சொல்லும் வாய்ப்பைத் தரும் மொழியில், அக்கோரிக்கையின் காரணம் கேட்கப்படாமற்போவது எளிதாகிறது. கோருபவர் "என் வயிறு எரிகிறது" என்கிறார். கேட்பவர் "வாலாட்டுகிறான்" என்கிறார். ஒரே உணர்வு; இரு உடல்கள். நிகழ்வுகளைப் பதிவு செய்யும் செய்தியாளரும் ஆய்வாளரும் இரண்டாவது தொடரை நடுநிலைச் சொல்லாகக் கொள்ளுதல் கூடாது.

10. மொழிபெயர்ப்புக்குரிய சிக்கல்

'ஹேக்கிள்ஸ்' எழுதலை 'மயிர் சிலிர்த்தது' என்று பெயர்த்தால் சினம் வியப்பாகும் அல்லது பத்தியாகும். 'கால்' என்பதனைப் பித்தம் என்றால் காழ்ப்பு மயக்கமாகும். 'க்ரா'வில் சிக்குதலுக்குச் 'செரிக்க முடியவில்லை' என்பது நெருங்கிய தொடர். அதில் பறவை மறைந்து மனித வயிறு வந்துவிடுகிறது. அது இழப்பன்று, தன்மை இடத்துக் கசப்பைத் தமிழ் எங்கே வைக்குமோ அங்கே வைத்ததேயாகும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செல்கையில் சிக்கல் தலைகீழாகிறது. 'கொம்பு சீவி விடுதல்' என்பதனைத் தூண்டுதல் என்னும் பொதுச்சொல்லால் பெயர்த்தால், தூண்டியவர் ஒதுங்கிக்கொள்ளும் 'விடுதல்' போய்விடும். செல்லப்பாவின் நூல் என். கல்யாண் ராமன் மொழிபெயர்ப்பில் 2013இல் 'அரினா' என்னும் பெயரில் வெளிவந்தது. வாடிவாசல் என்பது காளை களத்துள் அவிழ்த்துவிடப்படும் குறுகிய வாயில். விடுபவரின் கைக்கும் பிடிப்பவரின் கைக்கும் இடைப்பட்ட இடம். 'அரினா' என்பது பார்வையாளர் சூழ்ந்த களம் முழுமையும். ஆங்கில வாசகர்க்குத் தகுந்த தேர்வே அது. எனினும் கட்டி ஆள்பவரின் இடத்திலிருந்து பார்ப்பவரின் இடத்துக்குத் தலைப்பு நகர்ந்தது, இக்கட்டுரை இரு மொழித் தொடர்களிடையே கண்ட வேறுபாட்டோடு ஒத்துச் செல்கிறது.

இருமொழி அகராதி தொகுப்போர் இத்தகைய தொடர்களுக்குப் பொருள் தருவதோடு, எவ்விடத்தில் வழங்கும், எவர் எவரைப் பற்றிச் சொல்வது என்னும் குறிப்பையும் சேர்த்தல் நலம். 'வாலாட்டு' என்பதற்குப் 'பிறர் தமக்குக் கீழானவராகப் பேசுபவரால் கருதப்படும்போது' என்ற ஒரு குறிப்பு, பல நேர்ச்சொற்களைவிடப் பயன்படும்.

11. முடிவுரை

மனக்கசப்பை விலங்கின் உறுப்பால் சொல்லுதல் இரு மொழிக்கும் பொதுவெனினும், பயன் வேறு. ஆங்கிலத்தில் அது கசப்புற்றவரின் வாக்குமூலமாக அமையக்கூடும். மதுரை வட்டாரத் தமிழில் அது கசப்புற்றவரைப் பற்றிய தீர்ப்பாக அமைகிறது. வாக்குமூலம் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. தன்மை இடத்தில் விலங்குறுப்புத் தொடர்கள் வாராமை, அவற்றின் வினைகள் வளர்ப்பவரின் தொழில்களாக இருத்தல், உயர்ந்தோர்க்கு முழு விலங்கே உவமையாதல் ஆகிய மூன்றும் இதற்குச் சான்றுகள். குறளும் வாடிவாசலும் ஆடுகளமும் இப்பாகுபாட்டை வெவ்வேறு வகையில் உறுதிப்படுத்துகின்றன.

கடல்சார் ஊர்களிலும் கொங்கு, நெல்லை வட்டாரங்களிலும் வழங்கும் தொடர்களை இதே இடப் பாகுபாட்டுச் சோதனைக்கு உட்படுத்தலாம். மாட்டுக்கு மாறாக மீனும் படகும் வாழ்வாகிய இடத்தில் பிறருடைய கசப்பு எவ்வுறுப்பைப் பெறுகிறது என்று அறிவது, இங்குக் கண்டது வேளாண் சமவெளியின் இயல்பா, தமிழின் இயல்பா என்பதைத் தெளிவிக்கும்.